வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: ஈஸ்ட்ரோஜெனுக்குப் பயப்பட வேண்டுமா?

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மகப்பேறு மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். புற்றுநோய் தருமா என்று ஒருவர் கேட்கிறார், எலும்புக்கு நல்லதாமே என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. யாருக்கு, எந்த வயதில், எந்த வழியாக, எவ்வளவு என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் அது தப்பாகத்தான் முடியும்.

எனக்கு 43 வயது. எட்டு மாதம் முன்பு கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரத்திலேயே உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. இரவில் வியர்வையில் நைட்டி நனைகிறது. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். “புற்றுநோய் வரும், சாப்பிடாதே” என்று அக்கா தடுக்கிறார்.
– வாசகி, கள்ளக்குறிச்சி

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ‘டி.ஏ.எச்.’ என்று மட்டும் இருந்தால் கருப்பையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் ‘பி.எஸ்.ஓ.’ என்றும் இருந்தால் இரண்டு சினைப்பைகளும் சேர்ந்து போய்விட்டன. ஒரே வாரத்தில் கொதிப்பு தொடங்கியதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும். இயற்கையாக மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜென் சில ஆண்டுகளில் ஏறி இறங்கி மெல்லக் குறையும். சினைப்பையை எடுத்தால் ஓரிரு நாளில் அடிமட்டத்துக்குப் போய்விடும். மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி இதனால் தடுமாறுகிறது. லேசாகச் சூடு ஏறினாலே பெரிய வெப்பம் தாக்கியது போல ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைக்கிறது.

அக்காவின் பயம் 2002இல் வந்த செய்தியில் இருந்து கிளம்பியது. அமெரிக்காவில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியை அந்த ஆண்டு பாதியில் நிறுத்தினார்கள். அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கருப்பை இருந்தது, சராசரி வயது 63. மாத்திரையில் குதிரைச் சிறுநீரில் இருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜெனும், மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் என்ற செயற்கை ஹார்மோனும் சேர்ந்திருந்தன. மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு 10,000 பேரில் 30ஆக இருந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 ஆனது. இந்த எட்டுதான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அதே ஆய்வில் கருப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி 2004இல் நின்றது. அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 33க்கு 26 என்று குறைவாகவே இருந்தது. பக்கவாதம் மட்டும் 32இல் இருந்து 44 ஆகக் கூடியது. இந்த இரண்டாவது முடிவு நம் ஊர் வரை வந்து சேரவே இல்லை.

நீங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர், அவர்களை விடவும் வயது குறைந்தவர். இந்தியப் பெண்களுக்கு இயற்கையான மாதவிடாய் நிற்றலின் சராசரி வயது சுமார் 46–47. அதற்கு முன்பே சினைப்பையை இழந்தவர்களுக்கு எலும்புத் தேய்வும் இதய நோயும் சீக்கிரம் வருகின்றன. ஆகவே, தடை எதுவும் இல்லையென்றால், 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜெனைத் திருப்பிக் கொடுப்பதுதான் இன்றைய வழக்கம். உடலில் இருந்ததை ஈடு செய்வது இது. 60 வயதுக்காரர் புதிதாகத் தொடங்குவதோடு இதை ஒப்பிடக் கூடாது.

மாத்திரை என்றால் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜெனின் முக்கிய வகை) வாலரேட் 1 மி.கி. அல்லது 2 மி.கி. உங்கள் வயதில் பெரும்பாலும் 2 மி.கி. தேவைப்படும். எடை அதிகம், ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதல், ஒற்றைத் தலைவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரையை விடத் தோலில் பூசும் ஜெல் அல்லது ஒட்டும் பட்டை நல்லது. விழுங்கியது குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்கிறது. காலின் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி வரும் ஆபத்து இதனால் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. தோல் வழியாகப் போகும் வழக்கமான அளவில் அந்த ஏற்றம் காணப்படவில்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரா? அப்படியானால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜென் தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். தைராய்டு ஹார்மோனைக் கட்டிப்பிடிக்கும் புரதம் கூடுவதால் பழைய அளவு போதாமல் போகலாம். ஜெல்லில் இந்தத் தொல்லை இல்லை.

எதற்காக அறுவை செய்தார்கள் என்பதும் முக்கியம். புற்றுநோய்க்காக என்றால் அந்த மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்றால், மிச்சம் இருக்கும் திசு மறுபடி தூண்டப்படாமலிருக்க, கருப்பை இல்லாவிட்டாலும் புரோஜெஸ்ட்ரோன் சேர்ப்பது உண்டு. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்களுக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ரத்தப்போக்குக்காகக் கருப்பையை எடுக்கும்போது “கூடவே இதையும் எடுத்துவிடலாம், இனி என்ன வேலை?” என்று நல்ல சினைப்பைகளையும் எடுத்துவிடுகிற வழக்கம் நிற்க வேண்டும். குழந்தை பெற்று முடிந்த பிறகும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் “ஓவரியை விட்டுவிடலாமா?” என்று கேளுங்கள்.

வயது 51. மாதவிடாய் நின்று ஒரு வருடம். ஜெல்லும், இரவில் புரோஜெஸ்ட்ரோன் 100 மி.கி. கேப்ஸ்யூலும் கொடுத்திருக்கிறார்கள். கேப்ஸ்யூல் போட்டால் காலையில் தலை கிறங்குகிறது. ஜெல்லிலேயே கொதிப்பு அடங்கிவிட்டதே, கேப்ஸ்யூலை நிறுத்தலாமா?
– வாசகி, மதுரை

நிறுத்தக் கூடாது. உங்களுக்குக் கருப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜென் தனியாகப் போனால் கருப்பையின் உள்சவ்வு வளர்ந்துகொண்டே இருக்கும். அதை அடக்கி வைக்கத்தான் புரோஜெஸ்ட்ரோன். அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக எழுதித் தள்ளினார்கள். கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய் கூடுவதை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டிக்கொடுத்தன. பின்னால் நடந்த இன்னொரு ஆய்வில், மூன்று ஆண்டு தனி ஈஸ்ட்ரோஜென் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, புற்றுநோய்க்கு முன்படியாகக் கருதப்படும் வகையில் சவ்வு தடித்திருந்தது. சவ்வு வளர்வது வெளியே தெரியாது. ஆகவே கொதிப்பு அடங்கியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கிறக்கத்துக்கு வழி உண்டு. படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் போடுங்கள், இரவுச் சாப்பாட்டோடு வேண்டாம். உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுதலாக ஏறும், மயக்கமும் கூடும். அப்படியும் முடியவில்லை என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளலாம். அது சவ்வை உள்ளிருந்தே காக்கும், கேப்ஸ்யூல் தேவையில்லை. மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்கு 200 மி.கி. வீதம் மாதத்தில் 12 முதல் 14 நாள் என்ற முறை உண்டு. முடிந்ததும் ரத்தப்போக்கு வரும்.

ஜெல் பூசுவதிலும் தப்பு நடக்கிறது. 0.06 சதவீத ஜெல் 2.5 கிராமில் 1.5 மி.கி. ஈஸ்ட்ரடையால் இருக்கிறது. ட்யூபோடு வரும் அளவுகோலில் அந்தக் கோடு வரை பிதுக்க வேண்டும், உத்தேசமாக விரலில் எடுக்கக் கூடாது. குளித்துத் துடைத்த பிறகு தோள், மேல்கை அல்லது உள்தொடையில் பரவலாகப் பூசுங்கள். மார்பில் வேண்டாம். தேய்க்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் காயவிட்டுத் துணி உடுத்துங்கள். ஒரு மணி நேரம் வரை அந்த இடத்தில் தண்ணீரோ, எண்ணெயோ, வேறு க்ரீமோ படக் கூடாது. பேரக்குழந்தையைத் தூக்குகிறவராக இருந்தால் மூடிய இடத்தில் பூசிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பெரியவர்களின் ஜெல் பட்டுச் சின்னக் குழந்தைகளுக்கு மார்பு அரும்பியது உண்டு.

முதல் சில மாதம் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டால் பதற வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் வந்தாலோ, நின்று மறுபடி வந்தாலோ ஸ்கேனில் சவ்வின் தடிமனைப் பார்த்து, தேவைப்பட்டால் துளி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

46 வயது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. ஈஸ்ட்ரடையால் போன மாதம் 310 என்று வந்தது, இந்த மாதம் வேறு லேபில் 18. எதை நம்புவது? முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன்.
– வாசகி, திருச்சி

இரண்டும் சரியாக இருக்கலாம், ஒன்று பொய்யாகவும் இருக்கலாம். ஒரு சுழற்சிக்குள்ளேயே ஈஸ்ட்ரடையால் தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 20–80 பிகோகிராம், முட்டை வெளிவருவதற்கு முன் 200–400, பிறகு 60–200 என்று ஏறி இறங்கும். நிற்கப் போகும் காலத்தில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒழுங்கே இருக்காது. உங்கள் வயதில், இந்த அறிகுறிகளோடு, ஹார்மோன் பரிசோதனையே தேவையில்லை. மாதவிடாய்த் தேதியைக் குறித்து வைத்தாலே போதும்.

பயோட்டின் தனி வம்பு. முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் 5, 10 மி.கி. வரை இருக்கிறது, உடலுக்குத் தேவை ஒரு நாளைக்கு 0.03 மி.கி.தான். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பசை போலப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் ஈஸ்ட்ரடையால் பொய்யாகக் கூடியும், எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்), டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தெரியும். எந்த ஹார்மோன் பரிசோதனைக்கும் மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். அலகையும் பாருங்கள்: சில லேபில் பிகோமோலில் தருவார்கள். அதை 3.67ஆல் வகுத்தால்தான் மற்றதோடு ஒப்பிட முடியும்.

இதே குழப்பம் 40 வயதுக்குள் வந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். நான்கு மாதம் மாதவிடாய் இல்லை, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் என்றால் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்திருக்கலாம். இன்னொன்று: மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். 50க்குள் நின்றால் இரண்டு ஆண்டு, 50க்கு மேல் நின்றால் ஓராண்டு வரை அது தேவை.

பிராய்லர் கோழிக்கு ஈஸ்ட்ரோஜென் ஊசி போடுவதால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்களாமே? என் மகளுக்கு ஏழரை வயதில் மார்பு அரும்புகிறது.
– வாசகர், நாமக்கல்

கோழியை விடுங்கள், குழந்தையை உடனே காட்டுங்கள். எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினால் பரிசோதிக்க வேண்டும் என்பதே விதி. இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எல்.எச். (பருவமாற்றத்தைத் தூண்டும் ஹார்மோன்) அளவும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். மார்பு மட்டும் அரும்பி, உயரம் திடீரெனக் கூடாமல், எலும்பு வயதும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். மூளையில் இருந்தே பருவமாற்றம் தொடங்கியிருந்தால் லியூப்ரோலைடு போன்ற ஊசியை மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு அதைத் தள்ளிப்போடலாம். தாமதித்தால் நஷ்டம் உயரத்தில்தான். ஈஸ்ட்ரோஜென் எலும்பு முனைகளை மூடிவிடுவதால், இன்று வகுப்பிலேயே உயரமான பெண் நாளை குள்ளமாக நின்றுவிடுவாள்.

இனி கோழி. 40 நாளில் 2 கிலோ வருவதைப் பார்த்து ஊசி என்று சந்தேகப்படுவது புரிகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்று, இனம் மட்டும் வேறு. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனவிருத்தி செய்ததில் வந்த எடை அது. ஈஸ்ட்ரோஜென் கோழிக்குக் கொழுப்பைக் கூட்டும், சதையை வளர்க்காது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது.

வதந்திக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜென் வில்லையை அமெரிக்காவில் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தது உண்மை. 1959இல் அதை நிறுத்திவிட்டார்கள். நம் பண்ணைகளைக் கேள்வி கேட்க வேண்டுமானால் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. பருவம் முந்துவதற்கு நன்றாகத் தெரிந்த காரணம் குழந்தைப் பருவ உடல் எடை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடல் தயார் என்று மூளைக்குச் சொல்கிறது. அதே திசு ஈஸ்ட்ரோஜெனையும் கொஞ்சம் உற்பத்தி செய்கிறது.

ஆணுக்கு ஈஸ்ட்ரோஜென் எதற்கு? எனக்கு 58 வயது, வலது மார்புக் காம்புக்கு அடியில் வட்டாகக் கட்டி, தொட்டால் வலிக்கிறது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. மில்லிலிட்டருக்கு 10–40 பிகோகிராம் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணிடம் இருப்பதை விட இது அதிகம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு காட்டியது: ஈஸ்ட்ரோஜென் ஏற்பி (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) வேலை செய்யாத 28 வயது ஆண், 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பு முனைகள் மூடவில்லை, எலும்பும் தேய்ந்திருந்தது.

உங்கள் மாத்திரைப் பட்டியலில் ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறதா பாருங்கள். வீக்கத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் இந்த மருந்து மார்பு வீங்க வழக்கமான காரணம். டைகாக்சின், புராஸ்டேட்டுக்குத் தரும் ஃபினாஸ்டரைடு ஆகியவையும் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்ளெரினோன் என்ற மாற்று உண்டு, இதய மருத்துவரிடம் கேளுங்கள். குடியால் கெட்ட கல்லீரல், கூடிய தைராய்டு, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு, விதைப்பைக் கட்டி என்று வேறு காரணங்களும் இருப்பதால் மருத்துவர் விதைப்பையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம். காம்புக்கு நேர் கீழே, ரப்பர் போல, வலியோடு இருப்பது பெரும்பாலும் சாதாரண வீக்கம். கல் போலக் கெட்டியாக, காம்பில் இருந்து விலகி, வலியில்லாமல் இருந்தாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ மாம்மோகிராமும் ஊசிப் பரிசோதனையும் தேவை. ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். ஓராண்டுக்குள் காரணத்தை நீக்கினால் வீக்கம் வடியும். பழையதாகி நாரானால் அறுவைதான்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து லெட்ரோசோல் 2.5 மி.கி. இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். மூட்டு வலி, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு. உறவினர் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் வாங்கித் தந்திருக்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கில் ஈஸ்ட்ரோஜென் போன்ற செயல் இருப்பதாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது உண்மையானால் உங்களுக்கு ஆகாது, பொய்யானால் பணம் வீண். மாதவிடாய் நின்ற பிறகு மிச்ச ஈஸ்ட்ரோஜென் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் வழியாக வருகிறது. லெட்ரோசோல் அந்த நொதியையே முடக்குகிறது. உங்கள் தொல்லைகள் எல்லாம் மருந்து வேலை செய்வதன் மறுபக்கம்.

மூட்டு வலிக்குத் தினமும் நடையும் தசைப் பயிற்சியும் உண்மையிலேயே உதவும். தாங்க முடியாவிட்டால் எக்ஸிமெஸ்டேன் போன்ற இன்னொரு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுங்கள். டி-ஸ்கோர் –2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புத் தேய்வு. ஜொலெட்ரோனிக் அமில ஊசி போடலாம். போடும் முன் பல் பிடுங்கும் வேலை இருந்தால் முடித்துவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

வறட்சிக்கு முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல், வாரம் மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். உறவின்போது தனியாக வழவழப்பு ஜெல். புற்றுநோய் வராத பெண்ணாக இருந்தால் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜென் க்ரீம் 0.5 கிராம் தினமும் இரவில் இரண்டு மூன்று வாரம், பிறகு வாரம் இரு முறை என்று எழுதியிருப்போம். நீர்க்கடுப்பும் அதில் குறையும். ஏனென்றால் ஈஸ்ட்ரோஜென் இருந்தால்தான் அங்கே நல்ல பாக்டீரியா தங்கி அமிலத்தன்மையைக் காக்கும். லெட்ரோசோல் எடுப்பவருக்கு அந்தச் சிறு அளவையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: கொதிப்புக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை கேட்கும்போது டமாக்சிஃபெனைச் சொல்லுங்கள். பராக்ஸிடினும் ஃப்ளூவாக்ஸிடினும் அதன் வேலையைக் கெடுக்கும், வென்லாஃபாக்சின் கெடுக்காது.

நான் திருநங்கை, 24 வயது. தோழிகள் சொல்லித் தினம் ஐந்து கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். போதுமா?
– வாசகி, விழுப்புரம்

இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரையில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால். கல்லீரலில் எளிதில் சிதையாது, ரத்தத்தை உறையவைப்பதில் கடுமையானது. ஐந்து போட்டால் 150 மைக்ரோகிராம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தாலோ அது அவசரம், 108ஐக் கூப்பிடுங்கள்.

முறையான சிகிச்சை ஈஸ்ட்ரடையால் 2 மி.கி.யில் தொடங்கி 4, 6 என்று ஏறும். 40 தாண்டியவருக்கும் புகைப்பவருக்கும் ஜெல்தான் நல்லது. கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியம் பார்க்க வேண்டும்) அல்லது சைப்ரோடெரோன். சைப்ரோடெரோன் 10 மி.கி.யே போதும், கூடிய அளவில் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் ஆபத்து இருக்கிறது. ஈஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 100–200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே என்பது இலக்கு. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. மார்பு 3 முதல் 6 மாதத்தில் அரும்பும், முழு வளர்ச்சிக்கு 2–3 ஆண்டு ஆகும். மாத்திரையைக் கூட்டினால் வேகம் கூடாது. குரல் மாறாது, தாடி போகாது. விதை நீக்க அறுவைக்குப் பிறகு அடக்கும் மாத்திரை வேண்டாம். ஆனால் ஈஸ்ட்ரோஜெனை விட்டால் எலும்பு தேயும். குழந்தை ஆசை இருந்தால் தொடங்கும் முன்பே விந்து சேமிப்பு பற்றிக் கேளுங்கள்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாலா-என் கருத்தடை மாத்திரையைத் தொடரலாமா? “சாயா” மாத்திரையில் ஹார்மோன் இல்லை என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?
– வாசகி, இராமநாதபுரம்

மாலா-என் மாத்திரையில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும் லெவோநார்ஜெஸ்ட்ரலும் இருக்கின்றன. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இரண்டையும் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். கர்ப்பம் தரிக்கலாம். சிகிச்சை முடிந்தும் நான்கு வாரம் வரை காப்பர்-டி அல்லது ஆணுறையை நம்புங்கள்.

சாயாவில் இருப்பது ஆர்மெலாக்ஸிஃபென், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. ஈஸ்ட்ரோஜென் உட்காரும் ஏற்பியில் இது உட்கார்ந்துகொள்வதால் கருப்பைச் சவ்வு கருவை ஏற்கத் தயாராவதில்லை. 30 மி.கி., முதல் மூன்று மாதம் வாரம் இரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. மாதவிடாய் தள்ளிப்போவது இதில் சகஜம்; 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.

சோயா சாப்பிட்டால் ஈஸ்ட்ரோஜென் கூடுமா?
– வாசகர், சேலம்

உணவளவில் கூடாது. சோயாவின் ஐசோஃப்ளேவோன் ஏற்பியில் ஒட்டுவது மிக பலவீனமாகத்தான். ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் குறையாது. குழம்பில் போடும் சோயா உருண்டைக்குத் தடை இல்லை, செறிவூட்டிய மாத்திரைகள் வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் சோயாப் பாலுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள், சேர்ந்து போனால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.